தீரேந்திரன் தனியாக நிற்கும் படம்

ஒருவரை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜெயவேல் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். பிறகு மடியிலிருந்து உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றை எடுத்துத் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்து, அதற்குள் தெரிகிற ஆளைப் பார்ப்பார். ராயபுரத்தில் அவரோடு பல வருஷம் பழகியவர்களுக்குக்கூட அவர் தங்கள் முகத்தை நேராகப் பார்த்த ஞாபகம் கிடையாது. திருவொற்றியூர்த் தேரோட்டத்தில் ஊரே தேரைப் பார்த்து நிற்க, அவர் ஒருவர் மட்டும் ஊரைப் பார்த்து நிற்பார். வடம் பிடித்தவர்கள் முதலில் கோபப்பட்டார்கள். அப்புறம் அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.

திமிர் ஒன்றும் இல்லை. தொழில் அப்படி. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் மஜீது பாய் நடத்திய அச்சாபீஸில் ஜெயவேலுக்கு மரக்கட்டையில் படம் வெட்டும் வேலை. கட்டையில் இடது கையில் வெட்டிய வாள்தான் காகிதத்தில் வலது கைக்கு வரும். எதையும் மனசுக்குள்ளேயே திருப்பிப் போட்டுப் பார்க்கிற சாமர்த்தியம் தமக்கு இல்லை என்பதை ஜெயவேல் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார். கண்ணாடி திருப்பிக் கொடுப்பதை அப்படியே கட்டையில் வரைந்துவிட்டால் மீதியை அச்சு பார்த்துக்கொள்ளும். அப்படி ஆரம்பித்த பழக்கம், கண்ணாடியில் பார்க்காததைப் பார்த்ததாகவே ஒப்புக்கொள்ளாத அளவுக்கு முற்றிப் போயிற்று.

பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையேதான் செய்தார். பெண் தட்டோடு வந்ததும் மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பெண்ணின் அத்தை, "இன்னாடி இது, மாப்ளைக்கு எங்க வூட்டு சொவரத்தான் புடிச்சிக்கீதா?" என்று கேட்டாள். சம்பந்தம் அதோடு முறிந்திருக்க வேண்டியது. பெண்ணே சம்மதம் என்று சொல்லிவிட்டாள். "பாக்க வந்த மத்தவனுங்க எல்லாம் மொறைச்சி மொறைச்சிப் பாத்தானுங்க. இந்த மனுசன் ஒருத்தர்தான் மருவாதியா முதுவக் காட்டிக்கினு உக்காந்தாரு" என்று பிற்காலத்தில் குப்பம்மா காரணம் சொன்னாள். கண்ணாடி விஷயம் அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

ஜெயவேல் கொருக்குப்பேட்டைக்காரர். அப்பா கூட்ஸ் யார்டில் மூட்டை இறக்கியவர். மகன் மூட்டை தூக்காமல் உட்கார்ந்து சம்பாதிக்கிறான் என்பதில் அப்பாவுக்குப் பெருமை. என்ன சம்பாதிக்கிறான் என்று அவர் கேட்டதில்லை. மூக்குப்பொடி டப்பாவுக்கு மயில், தீப்பெட்டிக்கு யானை, குடைக் கடைக்குக் குடை என்று ஜெயவேல் வெட்டித் தள்ளினார். எல்லாமே பார்த்து வெட்டியவை. யானைக்காக அவர் கோயில் வாசலில் யானைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோது அது அவருடைய துண்டை எடுத்துத் தின்றுவிட்டது. அந்தத் தீப்பெட்டியில் யானையின் வாயில் துண்டின் நுனி தெரியும்.

அச்சாபீஸுக்கு நல்ல வரும்படி தந்தது நாடக நோட்டீஸ். ஆனால் மஜீது பாயிடம் வீரன் ஒருவன்தான் இருந்தான். பாறைமேல் ஒரு கால் வைத்து, மார்பை நிமிர்த்தி, வாளை ஓங்கி நிற்கிற ஒரு பழைய கட்டை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. எந்தக் கம்பெனி வருகிறதோ அதற்குத் தக்க ஒரு தலையை அந்த ஓட்டையில் செருகுவார்கள். மீசை வைத்த தலை, மீசை இல்லாத தலை, தாடித் தலை, ராணி வேஷத்துக்குக் கொண்டைத் தலை. ஒரு சமயம் பக்தர் ஒருவரின் சரித்திரத்துக்குத் தாடித் தலையைச் செருகி அடித்துக் கொடுத்தார்கள். பக்தர் வாளை ஓங்கி நிற்பது பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் நன்றாகவே வந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதவர் உச்சிமாகாளி. 1926-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனியோடு வந்து, ராயபுரம் தகரக் கொட்டகையில் ‘தீரேந்திர விஜயம்’ என்ற நாடகத்தில் ராஜபார்ட் கட்டியவர். ஒற்றை ஆளாக ஆயிரம் பேரை வெல்லும் ராஜாவின் கதை. அவர் அச்சாபீஸுக்கு நேரில் வந்து ஓட்டை விழுந்த கட்டையைப் பார்த்தார்.

"அடுத்தவன் ஒடம்புல என் தலையச் செருகவா நான் இம்புட்டுத் தூரம் வந்தேன்? எனக்குன்னு புதுசா வெட்டும்வே."

"வெட்டலாம் வாத்தியாரே. ஆனா நம்ம ஜெயவேலு பாக்காத ஒண்ணியும் வெட்டமாட்டான். நாடகத்தப் பாக்கணும்பான்" என்றார் மஜீது பாய்.

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்."

ஜெயவேல் போனார். முன்வரிசையில், தரையில், ஒரு ஓரமாக இடம் பிடித்து மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உச்சிமாகாளி மேடையில் கால் வைத்ததும் முதலில் கண்டது அந்த முதுகைத்தான். பல ஊர் பார்த்த நடிகர். கொட்டகையில் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறார், தேங்காய் மூடி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறார், திரும்பி உட்கார்ந்தவரை இப்போதுதான் பார்க்கிறார். அந்த முதுகைத் திருப்பியே தீருவதென்று அன்று வழக்கத்தைவிட அரைக்கட்டை சுருதி ஏற்றிப் பாடினார். முதுகு திரும்பவில்லை.

ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு நடுவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாதது தெரியும். துறைமுகத்தில் வாங்கிய காலிப் பெட்டிகளை அடுக்கிச் சிவப்புத் துணி போர்த்தியதுதான் மலை. ஆயிரம் எதிரிகள் என்பது நான்கு பேர். வெட்டுப்பட்டு விழுந்து, பக்கத் திரைக்கு அடியில் ஊர்ந்து போய், தலைப்பாகையை மாற்றிக்கொண்டு மறுபடி வந்து விழுவார்கள். ஒருவன் தன் முறை வருகிறவரை பீடி குடித்தான். மலை உச்சியில் தீரேந்திரன் ஒரு காலை முன்னே வைத்து, உடம்பைச் சரித்து, வாளை ஓங்கி, "அடே அற்பர்காள்!" என்றார். அவருடைய இடுப்புக் கச்சையின் இரண்டு முனைகளும் பின்திரையிலிருந்த ஒரு கிழிசல் வழியாக உள்ளே போயின. அங்கே ராயபுரத்துக்காரரான கம்பெனி ஹார்மோனியக்காரர் சுப்புராஜ், கம்பத்தில் காலை உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, அந்த முனைகளைத் தேர்வடம்போல இழுத்துப் பிடித்திருந்தார்.

ஜெயவேலுக்கு இதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. ராஜாவுக்குக் குடை பிடிக்க ஆள் இருப்பதுபோல் கச்சை பிடிக்கவும் ஆள் உண்டுபோலும் என்று நினைத்தார். கண்டதையெல்லாம் சிரத்தையாகக் கட்டையில் வரைந்து வெட்டினார். பீடிப் புகைக்கு மட்டும் ஒரு முழு நாள் பிடித்தது. புகையை மரத்தில் வெட்டுவது லேசான காரியம் இல்லை.

முதல் தாளை மஜீது பாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பது வருஷமாக அச்சு வேலையில் இருப்பவர். படத்தைப் பார்ப்பதில்லை, மையைப் பார்ப்பார்.

"கறுப்பு கறுப்பா கீது, வெள்ளை வெள்ளையா கீது. சோக்கா வந்துக்கீது நைனா. உடு, அடிச்சிடலாம்."

ரோஸ் காகிதத்தில் அடித்தார்கள். மேலே பெரிய எழுத்தில், ‘ஒற்றை ஆளாய் ஆயிரம் பேரை வெல்லும் அற்புதக் காட்சி! காணத் தவறாதீர்கள்!’ அதற்குக் கீழே தீரேந்திரன், அவரைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் சுப்புராஜ், ஊர்ந்து போகும் பிணங்கள், பீடி குடிக்கும் பிணம்.

துறைமுகத்து வாசலில் ஒட்டிய நோட்டீஸின் முன்னால் நின்றவர்கள் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள். எண்ணூர் உப்பளத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு நாடகத்துக்கு வந்தார்கள். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் ஒருவன் மூட்டைமேல் ஏறி நின்று மார்பைத் தட்ட, இன்னொருவன் அவன் வேட்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "ஒத்தை ஆளுடா! ஒத்தை ஆளு!" என்று கத்துவது ஒரு விளையாட்டாயிற்று. கொட்டகையில் தீரேந்திரன் மலையேறியதும் மொத்தக் கூட்டமும் கழுத்தை நீட்டி ஓரமாகச் சாய்ந்து பார்த்தது.

ஜெயவேலுக்கு இது விளங்கவில்லை. "இன்னாத்துக்கு சிரிக்கிறாங்க?" என்று வீட்டில் கேட்டார்.

"நீ வெட்டனதப் பாத்துதான்."

"கீறதத்தானே வெட்டினேன்."

"அதான் சிரிப்பு வருது" என்றாள் குப்பம்மா. பார்த்ததைப் பார்த்தபடி போடுவது எப்படிக் கேலியாகும் என்று அவர் யோசித்துக்கொண்டே சாப்பிட்டார். கேலி செய்ய நினைத்திருந்தால்கூட இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியுமா என்பதும் சந்தேகமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து உச்சிமாகாளி சுப்புராஜோடு அச்சாபீஸுக்கு வந்தார். ரோஸ் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். கத்தவில்லை.

"நான் ஒமக்கு என்னவே செஞ்சேன்?"

"ஒண்ணியும் செய்யலையே வாத்தியாரே."

"பின்ன ஏன் இவனப் போட்டீரு?" என்று படத்திலிருந்த சுப்புராஜைக் காட்டினார்.

"அவரு அங்க இருந்தாரே."

"மூஞ்சி நல்லா வந்துக்கீது. என் வூட்டுக்காரி சொவத்துல ஒட்டி வெச்சிக்கீறா" என்றார் சுப்புராஜ். உச்சிமாகாளி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஜெயவேல் வழக்கம்போல முதுகைக் காட்டிக் கண்ணாடியைத் தூக்கினார். அதற்குள் இருந்த உச்சிமாகாளி ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்து இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"கோயில்பட்டியில மேடையிலருந்து விழுந்தேன். அதுக்கப்புறம் இந்த முட்டி நிக்காது. இவன் புடிச்சாத்தான் மலையில நிப்பேன். கம்பெனி மொதலாளிக்குத் தெரியாது. இப்பம் மெட்ராஸுக்கே தெரிஞ்சுபோச்சு. ராஜபார்ட் போனா கெழட்டு மந்திரி. அதுவும் போனா திரை இழுக்கணும். அதுக்கும் நிக்க வேண்டாமாவே?"

இதற்குள் கொட்டகைக் காண்டிராக்டர் யேசுதாஸ் உள்ளே வந்தார். மகிழ்ச்சியில் அவருக்கு வேர்த்திருந்தது.

"இங்கியா கீறீங்க? ஒரு சங்கதி வாத்தியாரே. நாளையிலேர்ந்து சுப்புராஜ் திரைக்கு வெளிய வந்தே கச்சையப் புடிக்கட்டும். ஜனம் அதப் பாக்கத்தான் வர்து. ஓரத்துல கீறவன்தான் பாக்கணுமா? நடுவுல கீறவன் துட்டு குடுக்கலியா?"

"மாட்டேன்."

"அப்ப வேற ராஜபார்ட்டத் தேடிக்கணும். எனக்கு மனசில்ல, இன்னா பண்றது." சொல்லிவிட்டு, படம் வெட்டியவரின் முதுகில் பாராட்டாக ஒரு தட்டுத் தட்டிப் போய்விட்டார்.

உச்சிமாகாளி, "வேற படம் வெட்டும். நான் தனியா நிக்கிற மாதிரி" என்றார்.

"நீங்க தனியா நில்லுங்க வாத்தியாரே, பாத்து வெட்டறேன்."

ஜெயவேலைப் பொறுத்தவரை இது ஒரு சாதாரணத் தொழில் பேச்சு. உச்சிமாகாளி அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். "காலையில வாரும்" என்றார்.

காலையில் கொட்டகை காலி. தகரத்து ஓட்டைகள் வழியாக வெயில் வந்தது. உச்சிமாகாளி வேஷம் கட்டவில்லை. வேட்டியும் பனியனும், கையில் அட்டை வாள். பெட்டிகள்மேல் ஏறும்வரை சுப்புராஜ் தோள் கொடுத்தார். ஏறியதும், "போ அந்தால" என்று அவரைக் கீழே அனுப்பினார். ஜெயவேல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் புதுக் கட்டையை வைத்து, கண்ணாடியைத் தோளுக்கு மேலே தூக்கினார்.

உச்சிமாகாளி நின்றார். முன்னங்காலை வைத்தார். வாளை ஓங்கினார். யாரும் பிடிக்கவில்லை.

ஜெயவேல் எப்போதும் கீழேயிருந்துதான் வரைந்துகொண்டு போவார். பாதம் நின்றால்தான் தலை நிற்கும் என்பது அவர் முறை. பெட்டியை வரைந்தார். பாதங்களை வரைந்தார். முழங்காலுக்கு வந்தபோது அது நடுங்கியது. நடுங்குகிற முழங்காலை எந்தக் கோட்டில் பிடிப்பது என்று தெரியாமல் பென்சில் தயங்கியது.

"ஆச்சா?" என்றார் மேலே இருந்தவர்.

"இன்னும் கொஞ்ச நேரம் வாத்தியாரே. அப்பிடியே நில்லுங்க."

நின்றார். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி அட்டை வாளில் சொட்டியது. "நான் வேண்ணா..." என்று சுப்புராஜ் ஒரு அடி எடுத்து வைத்தார். "தொட்டே, கொன்னுபுடுவேன்" என்றார் தீரேந்திரன். குரலில் பாட்டு இல்லை. இன்னும் நின்றார். ஜெயவேலின் பென்சில் முழங்காலைத் தாண்டவே இல்லை. தலையில் ஆரம்பித்திருக்கலாம் என்று அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது.

பெட்டி அசைந்த சத்தம் கேட்டது. ஜெயவேல் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பியபோது உச்சிமாகாளி இன்னும் விழவில்லை. கால் இரண்டும் ஆடிக்கொண்டிருக்க, மேலே முகம் மட்டும் அசையாமல், யாரும் இல்லாத கொட்டகையை ஜெயித்தவரைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை ஜெயவேல் நேராகப் பார்த்தார். அடுத்த நொடி இரண்டு பேருமாகப் பாய்ந்து பிடித்தார்கள்.

"நின்னேனா?"

"நின்னீங்க வாத்தியாரே. நான் பாத்தேன்."

"படம்?"

"கால் வரிக்கும்தான் வந்துக்கீது. மிச்சம் என் பாக்கி. வெட்டிக் குடுத்துடறேன்."

அன்றைய நாடகத்தில் உச்சிமாகாளி ஒரு சிம்மாசனத்தைப் போடச் சொல்லி அதில் உட்கார்ந்துகொண்டார். எதிரிகள் ஒவ்வொருவராக அருகில் வந்து வெட்டுப்பட்டுப் போனார்கள். கச்சையைப் பார்க்க வந்த கூட்டம் முதலில் ஏமாந்து கூச்சல் போட்டது. ராஜா அசையவில்லை. வரிசையில் நின்று சாகிற எதிரிகளைப் பார்த்து நெட்டுக்குப்பத்து ஆள் ஒருவன், "இவரு உக்காந்த எடத்துல ஆயிரம் பேரு, எழுந்தா இன்னா ஆவும்!" என்றான். அது பிடித்துப்போயிற்று. யேசுதாஸ் வேறு ராஜபார்ட் தேடவில்லை. உச்சிமாகாளி அந்தச் சீசன் முழுக்க உட்கார்ந்தபடியே ஜெயித்துவிட்டு ஊருக்குப் போனார்.

ஜெயவேலின் பெயர் பரவிவிட்டது. வேறு கம்பெனி ராஜபார்ட்டுகள் தங்களையும் அதேபோல் போடச் சொல்லி வந்தார்கள். வேண்டாம் என்று கெஞ்சவும் சிலர் வந்தார்கள். மஜீது பாய் துறைமுக வாசலில் வீரர் படங்களைத் தனித் தாளாகவே விற்றார். பல்லக்குத் தூக்கிகளுக்கு வழி சொல்லும் சக்கரவர்த்தி, ஒட்டுமீசை உதட்டுக்கு வந்துவிட்ட சேனாதிபதி, கழுதைக்குப் பயந்து மேடைத்தூணைக் கட்டிக்கொண்ட சிங்கவேட்டைக்காரன். எல்லாம் ஜெயவேல் கண்ணாடியில் பார்த்தவை. ஒன்றிலும் அவர் சிரிக்கவில்லை.

பாக்கிப் படம் மட்டும் வரவில்லை. முழங்காலை நடுங்குகிறபடி வெட்டினால் பார்த்தவர்கள் சிரித்தார்கள். நடுங்காமல் வெட்டினால் அது ஓட்டை விழுந்த பழைய வீரனின் கால் ஆகிவிட்டது. முகமோ இன்னும் கஷ்டம். அதை அவர் நேராகப் பார்த்துவிட்டார். நேராகப் பார்த்ததைத் திருப்பி வெட்ட அவருக்கு வராது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு கட்டையைக் கெடுத்தார். "இந்தப் பேஜாரு உனக்கு எதுக்குய்யா? அந்தாளு ஊருக்கே போயிட்டாரு" என்பாள் குப்பம்மா. தூத்துக்குடியிலிருந்து வருகிறவர்களிடம் உச்சிமாகாளி தவறாமல் கேட்டனுப்புவார்: படம் என்ன ஆச்சு? ஜெயவேல் தவறாமல் சொல்லியனுப்புவார்: ஆய்க்கினே கீது.

1936-ல் விஷக்காய்ச்சலில் படுத்து, வாரம் முடிவதற்குள் ஜெயவேல் போய்விட்டார். சில மாதம் கழித்து உச்சிமாகாளி துக்கம் கேட்க வந்தார். சுப்புராஜ்தான் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். குப்பம்மா பாய் விரித்து உட்காரவைத்தாள்.

"உங்களுக்கு ஒரு படம் பாக்கி கீதுன்னு கடைசி வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாரு."

"ஆமா தாயி, இருக்கு."

கெட்டுப்போன கட்டைகளை அவள் ஒரு சாக்கோடு கொண்டுவந்து கொட்டினாள். உச்சிமாகாளி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றில் பாதம் இருந்தது. ஒன்றில் முழங்கால் வரை. ஒன்றில் வாள் பிடித்த கை. ஒன்றில் முகம் இருக்க வேண்டிய இடத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பள்ளமாக்கியிருந்தார்.

"இதுல ஒண்ணுலயும் நான் நிக்கலையே."

"நிக்கல. ஆனா நீங்க நின்னீங்கன்னுதான் சொல்வாரு. நாங்க சிரிப்போம். அவருக்குக் கோவம் வந்துடும்."

உச்சிமாகாளி கட்டைகளைத் தம் கையாலேயே சாக்கில் போட்டு முடிந்தார்.

"இத அடுப்புல வச்சிராத தாயி. படம் வரவேண்டியிருக்கு."

"அவுருதான் பூட்டாரே. இனிமே யாரு வெட்டுவாங்க?"

"பாக்கி வச்சவரு அவரு. அது அவரு பாடு" என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்கச் சுப்புராஜிடம் கை நீட்டினார்.